இன்ஜினியரிங் பட்டத்தோடு சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் ஆக முடியுமா? பாடத் தேர்வு, என்ஐஇ, பாண்ட் பற்றிச் சில கேள்விகள்

இறுதியாண்டு_மெக்

வணக்கம். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு. ஏ லெவல்ல எச்2 கணிதம், இயற்பியல், வேதியியல், அதோட ஜிபிங்கிற ஆங்கிலப் பொதுத்தாள். உயர்நிலைப்பள்ளியில கணிதம் சொல்லிக்கொடுக்கணும்னு எண்ணம்.

என் பட்டம் போதுமா, இல்ல தனியா பி.எட் மாதிரி ஏதாவது படிச்சிட்டுத்தான் விண்ணப்பிக்கணுமா? சொந்தக் காசு போட்டு என்ஐஇல (தேசியக் கல்விக் கழகம்) சேர்ந்துட்டு அப்புறம் வேலை தேடலாமா? கணிதம் மட்டும் போதுமா, ரெண்டாவது பாடம் கட்டாயமா? பாண்ட், அதாவது கட்டாயம் வேலை பார்க்கணும்ங்கிற ஒப்பந்தம், எத்தனை வருஷம்? பயிற்சிக் காலத்துல சம்பளம் உண்டா?

இன்னொண்ணு, எங்க அண்ணிக்காக. தமிழ்நாட்டுல எம்.ஏ. தமிழும் பி.எட்டும் முடிச்சவங்க, இப்ப இங்க பிஆர் (நிரந்தரவாசி). அவங்க உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர் ஆக வழி இருக்கா? அந்த பி.எட் இங்க செல்லுமா?

சுண்ணக்கட்டி

வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். இந்தியாவில் முதலில் பி.எட், பிறகு தகுதித் தேர்வு, அதன் பிறகு வேலை. இங்கே முதலில் வேலை, பிறகுதான் பயிற்சி. கல்வி அமைச்சு உங்களைத் தேர்ந்தெடுத்து, சம்பளம் கொடுத்து, கட்டணத்தையும் தானே கட்டி என்ஐஇக்கு அனுப்பும். ஆகவே சொந்தக் காசில் எந்தக் கல்வியியல் படிப்பிலும் இப்போது சேர வேண்டாம். ஆசிரியர் பயிற்சிக்கென்று சில ஆயிரம் வெள்ளிக்கு ஆன்லைன் சான்றிதழ் விற்கிறவர்கள் நிறைய. அரசாங்கப் பள்ளி வேலைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

அரசாங்கப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது ஒரே இடம்தான்: நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள தேசியக் கல்விக் கழகம். அங்கே போக இரண்டு பாதைகள். ஏ லெவலோ பாலிடெக்னிக்கோ முடித்த கையோடு நான்கு ஆண்டு பி.ஏ. கல்வி அல்லது பி.எஸ்ஸி. கல்விப் பட்டத்தில் சேர்வது ஒன்று. வேறு துறையில் பட்டம் வாங்கிவிட்டு பிஜிடிஇ என்ற பட்டமேற்படிப்பு டிப்ளோமா செய்வது மற்றொன்று. உங்களுடையது இரண்டாவது பாதை. பிஜிடிஇ பல ஆண்டுகளாக 16 மாதப் படிப்பாக இருந்தது. அதை ஓராண்டாகச் சுருக்கப்போவதாக 2025இல் அறிவித்தார்கள். இணையத்தில் பழைய பதிவுகள் 16 மாதம் என்றே சொல்லும், குழம்ப வேண்டாம். உங்கள் தொகுதிக்கு எது என்பது நியமனக் கடிதத்தில் இருக்கும்.

இனி வேலை நடக்கும் முறை. இறுதித் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதுவரை வந்த பருவங்களின் மதிப்பெண் பட்டியலை வைத்து இறுதியாண்டிலேயே அமைச்சின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஓ லெவல், ஏ லெவல் சான்றிதழ்கள், பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல், சிசிஏ எனப்படும் இணைப்பாட நடவடிக்கைப் பதிவுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கிய பிறகு ஓ லெவல் எதற்கு என்று பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். பார்ப்பார்கள். குறிப்பாக ஆங்கிலத்தையும் நீங்கள் கற்பிக்கப்போகும் பாடத்தையும்.

முதல் சுற்றில் தேறினால் நேர்காணல். சிலர் இபிடி எனப்படும் மொழித்திறன் எழுத்துத் தேர்வும் எழுத வேண்டியிருக்கும். ஜிபியில் நல்ல கிரேடு இருந்தால் விலக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. எழுதச் சொன்னால், கணித ஆசிரியருக்கு இது எதற்கு என்று அசட்டையாகப் போகாதீர்கள். எண்களில் கெட்டிக்காரராக இருந்தும் இங்கே சறுக்கியவர்கள் உண்டு.

நேர்காணலில் "ஏன் ஆசிரியர் ஆக விரும்புகிறீர்கள்" என்பது நிச்சயம் வரும். "பிள்ளைகள் என்றால் பிடிக்கும்" என்பது பதில் ஆகாது, எல்லோரும் சொல்வது. உங்கள் பாடத்தில் ஒரு சின்னக் கருத்தை உயர்நிலை ஒன்று மாணவனுக்கு எப்படி விளக்குவீர்கள் என்று கேட்டால் கையில் ஒன்று தயாராக இருக்க வேண்டும். உதாரணமாக −1 × −2 ஏன் +2? "விதி அப்படி" என்றால் அங்கேயே முடிந்தது. 3 × −2 = −6, 2 × −2 = −4, 1 × −2 = −2, 0 × −2 = 0 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு படிக்கும் விடை 2 கூடிக்கொண்டே வருவதை மாணவனே சொல்லட்டும். அடுத்த வரி −1 × −2. அதுவும் 2 கூட வேண்டும், ஆக +2. இரண்டு நிமிட வேலை. உங்களுக்கு விளக்க வருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தேர்வானதும் மருத்துவப் பரிசோதனை, பின்னணிச் சரிபார்ப்பு. அதன் பிறகு என்ஐஇ வகுப்பு தொடங்கும் முன் பெரும்பாலும் ஒரு பள்ளியில் பயிற்சி பெறாத ஆசிரியராகச் சில காலம் போடுவார்கள். இதைச் சும்மா நேரம் கடத்துவதாக எண்ண வேண்டாம். அங்கே பள்ளி உங்களைப் பற்றித் தரும் மதிப்பீடும் கணக்கில் வரும். அதே சமயம், இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று நீங்கள் எடைபோடவும் இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது.

பிஜிடிஇ காலத்தில் மாதச் சம்பளம் உண்டு, கட்டணம் அமைச்சினுடையது. பாண்ட் 3 ஆண்டு, படிப்பு முடிந்த பிறகு எண்ணத் தொடங்கும்.

ஜூரோங்வாசி

மேலே சொன்ன வரிசை சரி. ஆனா "பட்டம் போதுமா"ங்கிற கேள்விக்கு இன்னும் நேரா பதில் வரல. பட்டம் எதுங்கிறதைவிட பட்டத்துக்குள்ள என்ன இருக்குங்கிறதுதான் இங்க முக்கியம்.

உயர்நிலைப்பள்ளிக்கு வழக்கமா ரெண்டு பாடம். என்ஐஇல அதை சிஎஸ்1, சிஎஸ்2ன்னு சொல்வாங்க. முதல் பாடம் பட்டப்படிப்புலேர்ந்து வரணும். ரெண்டாவதுக்குப் பட்டத்தோட ஒரு பகுதியோ ஏ லெவல் அடித்தளமோ போதுமா இருக்கலாம். மெக்கானிக்கலுக்குக் கணிதமும் இயற்பியலும் இயல்பான ஜோடி. சிவில், எலக்ட்ரிக்கலுக்கும் அதேதான். கெமிக்கல் இன்ஜினியரிங்னா வேதியியலும் கணிதமும். கம்ப்யூட்டர் சயின்ஸ்னா கணிதமும் கம்ப்யூட்டிங்கும். அக்கவுன்டன்சி படிச்சவங்களுக்குக் கணக்குப்பதிவியல் இருக்கு, ஆனா அந்தப் பாடம் எல்லாப் பள்ளியிலயும் கிடையாது, அதனால கணிதத்தையும் சேர்த்துக்கிறது நல்லது. வரலாறு, புவியியல், இலக்கியம் எடுக்கிறவங்க சோஷியல் ஸ்டடீஸ் பாடத்தையும் கையாளணும்னு எதிர்பார்ப்பாங்க. இன்ஜினியரிங், கட்டடக்கலை, தொழில்துறை வடிவமைப்பு படிச்சவங்களுக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும், அதான் டி அண்ட் டி, ஒரு நல்ல வழி. அது பலர் கண்ணுல படுறதே இல்ல. பட்டறை வேலை பிடிச்சிருந்தா கேட்டுப் பாருங்க.

சிக்கல்ல மாட்டுறது உளவியல், சமூகவியல், ஊடகம், பிசினஸ் மேலாண்மை படிச்சவங்கதான். நல்ல பட்டமா இருக்கும், நல்ல மதிப்பெண்ணும் இருக்கும், ஆனா உயர்நிலைப்பள்ளி அட்டவணையில அந்தப் பேர்ல பாடம் இருக்காது. ஆங்கிலம் பலமா இருந்தா ஆங்கிலப் பாடத்துக்குப் போகலாம், இல்லாட்டி தொடக்கப்பள்ளி. தொடக்கப்பள்ளியில ஒரே ஆசிரியர் ஆங்கிலம், கணிதம், அறிவியல்னு பல பாடம் எடுக்கிறதால பட்டத்துக்கும் பாடத்துக்கும் அவ்வளவு கறாரான பொருத்தம் பார்க்க மாட்டாங்க. முதலாம் ஆண்டுல இருக்கிற தம்பி தங்கச்சி யாராவது இதைப் படிச்சா, கற்பிக்க நினைக்கிற பாடத்துல இப்பவே மைனர் எடுத்து வச்சுக்குங்க. பட்டம் வாங்கின பிறகு அதைச் சரிபண்றது கஷ்டம்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கிட்டு ஒரு தாள்ல கணித மாட்யூல் எல்லாம் தனியா எழுதுங்க: கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன், புள்ளியியல், நியூமரிக்கல் மெத்தட்ஸ். இன்னொரு தாள்ல இயற்பியல்: மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட்ஸ், மின்சுற்று. இன்ஜினியரிங்ல மாட்யூல் பேரைப் பார்த்து உள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது. "இன்ஜினியரிங் அனாலிசிஸ் 2"ன்னு போட்டிருக்கும், பூரா கணிதமா இருக்கும். விண்ணப்பத்துலயும் நேர்காணல்லயும் அதை நீங்கதான் எடுத்துச் சொல்லணும், அவங்களா ஊகிப்பாங்கன்னு விட்டுடாதீங்க.

ஜேசி (தொடக்கக்கல்லூரி) பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். தொடக்கக்கல்லூரிக்கு அந்தப் பாடத்துலயே ஆழமான பட்டம் எதிர்பார்ப்பாங்க, பெரும்பாலும் ஹானர்ஸ். மெக்கானிக்கல் படிச்சவர் அங்க கணிதப் பட்டம் வாங்கினவங்களோட போட்டி போடணும். உயர்நிலைப்பள்ளின்னு நீங்க முடிவு பண்ணினது சரி.

இறுதியாண்டு_மெக்

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். இயற்பியல் ரெண்டாவது பாடம்னா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா ஓ லெவலுக்கு அப்புறம் உயிரியலைத் தொட்டதே இல்ல. கீழ்நிலை வகுப்புல அறிவியல் மொத்தமா எடுக்கச் சொல்வாங்களா? அப்புறம் என்ஐஇ பயிற்சியில யாராவது ஃபெயில் ஆவாங்களா, எதனால?

வெண்பலகை

அறிவியல் மொத்தமாக எடுக்கச் சொல்வார்கள். உயர்நிலை ஒன்று, இரண்டில் அறிவியல் ஒரே பாடம்தான், செல்லும் செரிமானமும் மின்சுற்றும் அதற்குள்ளேயே வரும். இயற்பியல் ஆசிரியருக்கு உயர்நிலை இரண்டில் இதயத்தின் நான்கு அறைகள் வந்து சேர்வது சகஜம். முதல் வருடம் பாடநூலை ஒரு வாரம் முன்னால் படித்துக்கொண்டு போங்கள், சமாளித்துவிடலாம். அதைவிட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேர்கிறவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் கிடையாது. ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று வெவ்வேறு நிலையில் எடுப்பார்கள், ஜி3தான் கடினமானது. 2027 முதல் ஓ லெவல், என் லெவல் சான்றிதழ்களுக்குப் பதில் எல்லோருக்கும் ஒரே எஸ்இசி சான்றிதழ். ஆக, கணித ஆசிரியராக மூன்று நிலைகளையும் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். "ஜி3 மட்டும் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. நேர்காணலில் ஜி1 பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது முகம் சுளிக்கிறவர்கள் தங்களைத் தாங்களே வெளியே தள்ளிக்கொள்கிறார்கள்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். என்ஐஇ கட்டுரைகளிலும் ஒப்படைப்புகளிலும் தோற்கிறவர்கள் அரிது. விஷயம் பள்ளிப் பயிற்சியில்தான். முதலில் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து உதவும் கட்டம், பிறகு டீச்சிங் பிராக்டிஸ் எனப்படும் 10 வாரம். அதில் பள்ளியில் உங்களுக்கென்று ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருப்பார், என்ஐஇயிலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்து வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். இதில் தேறாமல் டிப்ளோமா கிடையாது.

எங்கே தவறுகிறார்கள்? பாடம் தெரியாமல் இல்லை, நேரம் போதாமல். அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று இருக்கும். போன பாடம் முடிந்து பிள்ளைகள் வேறு மாடியிலிருந்து வந்து சேர்ந்து, வணக்கம் சொல்லி, வருகை எடுத்து, வீட்டுப்பாடம் கொண்டுவராதவர் பெயரைக் குறித்து முடிக்கும்போது பத்து நிமிடம் போய்விடும். ஐம்பது நிமிடத்துக்குத்தான் திட்டமிட வேண்டும். புதிதாக வருகிறவர் எழுபது நிமிடப் பாடத்தை எழுதிக்கொண்டு வருவார். கடைசிப் பகுதியில்தான் மாணவர்கள் தாங்களாகச் செய்யும் பயிற்சி இருக்கும், அதுதான் வெட்டுப்படும். மேற்பார்வையாளர் குறிப்பில் "ஆசிரியர் பேசினார், மாணவர்கள் கற்றதற்குச் சான்று இல்லை" என்று விழும். முன்னுரையைச் சுருக்குங்கள், பயிற்சியைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, "புரிஞ்சுதா?" என்ற கேள்வி. முப்பத்தைந்து பேரும் "எஸ் சார்" என்பார்கள். அது ஒரு தகவலும் தராத பதில். அதற்குப் பதிலாக ஒவ்வொருவர் கையிலும் சின்ன வெள்ளைப்பலகையைக் கொடுத்து (5 + 3)² எவ்வளவு என்று கேளுங்கள், அடைப்பைக் கூட்டாமல் தனித்தனியாக விரித்து எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேர் 25 + 9 = 34 என்று தூக்கிக் காட்டுவார்கள். தவறு என்று சொல்லாதீர்கள். "சரி, இப்போது அடைப்புக்குள் முதலில் கூட்டுங்கள்." 8² = 64. "அந்த 30 எங்கே போனது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். பிறகு பக்கம் 8 உள்ள ஒரு சதுரம் வரைந்து, 5, 3 என்று இரு பக்கமும் வெட்டிக் காட்டினால் உள்ளே நான்கு துண்டு: 25, 9, இரண்டு 15. காணாமல்போன 30 கண்ணெதிரே இருக்கும். அதன் பிறகு எழுத்துகளை வைத்து விரிவாக்கச் சூத்திரத்துக்குப் போங்கள். பின்வரிசையில் இருப்பவர் எழுத வேண்டியது இதைத்தான்: மாணவரின் தவறு வெளியே வந்தது, ஆசிரியர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

மூன்றாவது, வகுப்புக் கட்டுப்பாடு. முதல் இரண்டு வாரம் நண்பனாக இருந்துவிட்டு மூன்றாம் வாரம் கண்டிப்பு காட்டினால் எடுபடாது. இருக்கை வரைபடத்தை வழிகாட்டி ஆசிரியரிடம் முதல் நாளே வாங்கி, பெயர்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிச் சத்தம் அடங்கும்.

இன்னும் ஒன்று, பாடத்திட்டக் குறிப்பை வகுப்புக்கு முந்தின நள்ளிரவில் வழிகாட்டி ஆசிரியருக்கு அனுப்பாதீர்கள். அவர் திருத்தம் சொல்ல இரண்டு மூன்று நாள் வேண்டும். பல பள்ளிகளில் ஒற்றை வாரம், இரட்டை வாரம் என்று அட்டவணை மாறும், அதைக் கவனிக்காமல் தவறான நாளுக்குத் தயார்செய்துவிட்டு முழிப்பவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கிறார்கள்.

பேச்சுத்தமிழ்

தம்பி, உங்கள் அண்ணி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

எம்.ஏ. தமிழ் என்பது பாட அறிவுக்கு நல்ல அடித்தளம். வெளிநாட்டுப் பட்டம் என்பதால் தள்ளிவிட மாட்டார்கள், எந்தப் பல்கலைக்கழகம், முழுநேரமா அஞ்சல்வழியா, என்னென்ன தாள்கள் என்று பார்த்து முடிவு செய்வார்கள். பி.எட் இருப்பது நல்லதுதான், ஆனால் அது இருப்பதால் என்ஐஇ பயிற்சி வேண்டாம் என்று ஆகிவிடும் என எதிர்பார்க்க வேண்டாம். விண்ணப்பத்தில் குறிப்பிடட்டும், அமைச்சு எடைபோடட்டும். பல்கலைக்கழகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் வாங்கி வைத்துக்கொள்வது முதல் வேலை. பருவவாரியாகத் தனித்தனி மதிப்பெண் சீட்டு, அதில் பாதி தமிழில், என்று கொடுத்தால் இழுத்துக்கொண்டே போகும். ஊருக்குப் போகும்போது நேரில் போய் விண்ணப்பித்து வாங்கி வரச் சொல்லுங்கள்.

அவருக்கும் மொழித்திறன் தேர்வு உண்டு, தமிழில். எம்.ஏ. படித்தவருக்கு அதில் பயம் வேண்டாம். பலரைத் தடுக்கி விழ வைப்பது ஆங்கிலம். என்ஐஇயில் தமிழ் கற்பித்தல் பாடங்கள் தமிழில் நடக்கும், ஆனால் மாணவர் உளவியல், வகுப்பறை மேலாண்மை, மதிப்பீடு போன்ற பொதுக் கல்வியியல் பாடங்கள் எல்லாத் துறையினரோடும் சேர்ந்து ஆங்கிலத்தில்தான். பள்ளியில் ஆசிரியர் கூட்டம், மின்னஞ்சல், பெற்றோர் சந்திப்பு, சிசிஏ எல்லாம் அப்படியே. வகுப்பு ஆசிரியர் பொறுப்பு கொடுத்தால் சீன, மலாய்ப் பெற்றோரிடம் பேச வேண்டியிருக்கும். இப்போதிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும்.

அடுத்தது, இங்குள்ள தமிழ்ப் பாடத்திட்டம். தமிழ்நாட்டில் தமிழாசிரியர் என்றால் இலக்கணமும் செய்யுளும். இங்கே தமிழ் இரண்டாம் மொழி. பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். 2005இல் வெளிவந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு அறிக்கை பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுத்தது. அன்றிலிருந்து பேசுதலும் கருத்துப் பரிமாற்றமும்தான் முதன்மை. வாய்மொழித் தேர்வில் மாணவர் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாட வேண்டும். செந்தமிழில் கேள்வி கேட்டால் பிள்ளை வாயைத் திறக்காது. கொச்சையாகவும் இல்லாமல், மேடைத் தமிழாகவும் இல்லாமல் படித்தவர்கள் பேசும் பொதுவான பேச்சுத்தமிழில் அண்ணி உரையாட வேண்டும். நேர்காணலில் இதைக் கவனிப்பார்கள். தஞ்சாவூர் வழக்கோ நெல்லை வழக்கோ தூக்கலாக இருந்தால் கொஞ்சம் தணித்துக்கொள்ளச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிலைகளும் பல உண்டு: உயர்தமிழ், தமிழ், தமிழ் 'பி' பாடத்திட்டம், அடிப்படைத் தமிழ். ஒரு பள்ளியில் தமிழாசிரியர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், ஆகவே ஒரே ஆள் எல்லா நிலைக்கும் வினாத்தாள் எடுக்க வேண்டிவரும். சில நேரம் ஒரே வகுப்பறையில் இரண்டு நிலைப் பிள்ளைகள். கணித ஆசிரியருக்குப் பக்கத்து மேசையில் கேட்க ஐந்து பேர் இருப்பார்கள், தமிழாசிரியருக்கு அந்த வசதி குறைவு. உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நடக்கும் பயிலரங்குகளும் பிற பள்ளித் தமிழாசிரியர்களோடு ஏற்படும் பழக்கமும்தான் அந்தக் குறையைத் தீர்க்கும்.

இங்கேயே படித்தவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. ஏ லெவலில் எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் எடுத்தவர் என்ஐஇயின் நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு முயலலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவருக்குச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரத் தமிழ்ப் பட்டம் இருக்கிறது. அண்ணிக்கு அவை தேவையில்லை.

ஜூரோங்வாசி

பேச்சுத்தமிழ் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். அண்ணி முதல்ல ரிலீஃப் டீச்சிங்குக்கோ ஒப்பந்த ஆசிரியர் வேலைக்கோ முயற்சி பண்ணலாம். மகப்பேறு விடுப்புல ஒரு தமிழாசிரியர் போனா பள்ளிக்கு உடனே ஆள் தேவைப்படும், பக்கத்துப் பள்ளியிலேர்ந்து இரவல் வாங்க முடியாது. இங்க வகுப்பறை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு நேர்காணலுக்குப் போனா பேச்சே வேற மாதிரி இருக்கும்.

நிதானம்

எல்லாரும் எப்படிச் சேருவதென்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போடுமுன் பாண்ட் பற்றி ஒரு வார்த்தை.

3 ஆண்டு என்பது கேட்கச் சின்னதாகத் தெரியும். அதற்கு முன் பள்ளியில் பயிற்சி பெறாமல் இருக்கும் காலம், பிறகு என்ஐஇ, அதன் பிறகுதான் அந்த 3 ஆண்டு தொடங்குகிறது. கூட்டிப் பார்த்தால் இருபதுகளின் பெரும்பகுதி. நடுவில் விலகினால் இழப்பீடு கட்ட வேண்டும், அதில் படிப்புக் கட்டணத்தோடு பயிற்சிக் காலச் சம்பளமும் கணக்கில் வரும். சம்பளம் வாங்கும்போது இனிக்கும், அதுதான் பிறகு பெரிய தொகையாகத் திரும்பி வரும். உத்தரவாதம் அளிப்பவராகக் கையெழுத்துப் போடும் அப்பா அம்மாவிடம் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

இன்னும் பட்டம் வாங்காததால் உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று அமைச்சின் டீச்சிங் இன்டர்ன்ஷிப் இருக்கிறது, பணம் கொடுத்துச் சில வாரம் பள்ளியில் வைத்துக்கொள்வார்கள், பாண்ட் கிடையாது. விடுமுறை மீதமிருந்தால் அதை முதலில் செய்யுங்கள். அங்கே பாடம் எடுப்பதை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று மணிக்கு மேல் பள்ளியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: சிசிஏ, கூடுதல் வகுப்பு, திருத்த வேண்டிய புத்தகக் கட்டு, பெற்றோருக்குத் தொலைபேசி அழைப்பு. புதிய ஆசிரியருக்கு முதல் ஆண்டில் பாடச்சுமை ஏறத்தாழ 80 விழுக்காடுதான் கொடுப்பார்கள், வழிகாட்டியும் உண்டு. ஆனால் அந்தக் குறைப்பு பாடவேளைக்குத்தான், மற்ற வேலைகளை அதே கணக்கில் குறைப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

அரசாங்கப் பள்ளி ஒத்துவராது என்று தோன்றினால் சிறப்புத் தேவையுடையோர் பள்ளிகள் இருக்கின்றன, அவர்களுக்கு என்ஐஇயில் தனி டிப்ளோமா. டியூஷன் நிலையம் வேறு உலகம், அங்கே பிஜிடிஇ தேவையில்லை. ஆனால் பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்து நடத்தும் நிலையங்கள் அமைச்சிடம் பதிந்திருக்க வேண்டும், சேருமுன் அதை விசாரியுங்கள்.

இறுதியாண்டு_மெக்

எல்லாருக்கும் நன்றி. மாட்யூல் பட்டியல் போட ஆரம்பிச்சுட்டேன், கணிதம் ஆறு தேறுது. இன்டர்ன்ஷிப்புக்கும் இன்னிக்கே பதியறேன். ஒரே ஒரு சிக்கல்: வீடு மாத்தினப்போ ஓ லெவல் அசல் சான்றிதழ் தொலைஞ்சு போச்சு. நகல்கூட இல்ல. பள்ளியில கேக்கணுமா?

சுண்ணக்கட்டி

பள்ளியில் வேண்டாம். சிங்கப்பூர்த் தேர்வுகள், மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின் அடையாளம்) வழியாக விண்ணப்பியுங்கள். சான்றிதழை மறுபடி அச்சிட்டுத் தர மாட்டார்கள், அதற்குப் பதிலாகத் தேர்வு முடிவு அறிக்கை ஒன்று தருவார்கள், கட்டணம் உண்டு. உங்கள் தேர்வு ஆண்டும் அப்போதைய பள்ளிப் பெயரும் தயாராக இருக்கட்டும். நேர்காணல் தேதி வந்த பிறகு தேடிக்கொண்டிருக்காமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.